பிரேக் இல்லாத வண்டிக்கு இத்தனை ஒயரா?

அன்புள்ள வசந்தி,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதென்றால் இப்போதே திட்டி முடித்துவிடு, அப்புறம் மேலே படி. பேரன் பிறந்த செய்தியும் படமும் வந்தன. மூக்கு அப்படியே உன்னுடையது, பாவம். என் முழங்கால் பழையபடிதான். அவர் நலம். ஓய்வு பெற்றதிலிருந்து ஒரே பேப்பரை நாளுக்கு நான்கு முறை படிக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் குண்டன் அம்மாவை இடிக்கப் பார்த்தான்.

குண்டனை உனக்குத் தெரியும். போன தடவை வந்தபோது வெறும் இரும்புச் சட்டமாகப் பார்த்துவிட்டு, "இது கட்டிலா?" என்று கேட்டாயே, அவன்தான். இப்போது சக்கரம், பேட்டரி, தட்டு எல்லாம் வந்து, மோட்டாரில் ஓடும் சுமை வண்டியாகிவிட்டான். பட்டறைப் பக்கத்திலிருந்து மேல்தோட்டத்துக்கு மண் மூட்டை ஏற்ற வேண்டும், என்னால் இனி முடியாது, அவன் ஏற்றுவான் என்பதுதான் திட்டம். காகிதத்தில் வரைந்தபோது 30 கிலோ. வெல்டிங் முடிந்து, இரண்டு பேட்டரியும் ஏறி, "இந்த மூலையில் ஒரு ஆங்கிள் போட்டால் உறுதியாக இருக்கும்" என்று நான் ஐந்து முறை சொன்ன பிறகு 40. மூட்டை 25. ஆக 65 கிலோ. நீ சிரிப்பது கேட்கிறது.  

முதலில் போட்டது கார் வைப்பர் மோட்டார். மலிவு, எங்கும் கிடைக்கும், உள்ளேயே வேகத்தைக் குறைக்கும் வார்ம் கியர் இருக்கிறது, மெதுவாகச் சுற்றும். அதன் முறுக்கு, அதாவது ஷாஃப்டைத் திருகும் பலம், 30 நியூட்டன் மீட்டர் என்றார் விற்றவர். எனக்கு அது போதும் என்று தோன்றியது. அந்த 30 என்பது மோட்டார் சுற்ற முடியாமல் நின்றே போகும்போது கொடுக்கும் முறுக்கு. வேலை செய்யும்போது கிடைப்பது அதில் சொற்பம். நிற்கும் மோட்டாரில் ஏறும் மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் மாறும். 12 வோல்ட், 25 ஆம்பியர் என்றால் 300 வாட், அதுவும் கைக்குள் அடங்கும் ஒரு டப்பாவுக்குள். குண்டனின் இடது சக்கரம் ஒரு செங்கல் விளிம்பில் மாட்டிக்கொண்டது. நானும் விடாமல் லீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். வார்னிஷ் கருகும் அந்த இனிப்பு வாசனை உனக்குத் தெரியுமே. லேப்பில் நீ ஆர்மேச்சரை எரித்த நாளிலிருந்து என் மூக்கு அதை மறக்கவில்லை.

வைப்பர் மோட்டாரில் இன்னும் இரண்டு வம்பு உண்டு. முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடாது, பிரஷ்களை ஒரு திசைக்குச் சாதகமாகத்தான் வைத்திருப்பார்கள். சிலவற்றில் மோட்டாரின் இரும்பு உடம்பே மைனஸ் முனை. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுத்துத் திசையும் மாற்றும் கன்ட்ரோலரில் அதைக் கொடுத்துவிட்டு இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டால் என்ன ஆகும் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு ஃபியூஸ் போயிற்று என்று மட்டும் வைத்துக்கொள்.

இரண்டாவது சுற்றில் புத்திசாலியாகிவிட்டதாக நினைத்தேன். மின் ஸ்கூட்டரில் வரும் 250 வாட் மோட்டார் இரண்டு, 24 வோல்ட். சேர்த்தால் 500 வாட். இந்தப் பூசணிக்காய்க்கு 500 வாட் போதாதா? செயினும் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரமும் போட்டேன், 11 பல்லுக்கு 66 பல், ஒன்றுக்கு ஆறு. சமதரையில் பறந்தான், நான் பின்னால் நொண்டிக்கொண்டே ஓடினேன். அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார் என்றால் நீயே யோசித்துக்கொள்.

மூட்டையோடு சரிவில் ஏற்றினோம். ஆறு மீட்டர் நீளம், போனை வைத்து அளந்தால் பத்து டிகிரி. பாதி வழி முக்கி முக்கி ஏறினான். அப்புறம் கன்ட்ரோலர் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை நிறுத்திவிட்டது. அதன் மேல் குறை சொல்ல முடியாது, அப்படிச் செய்வதாக அதன் தாளிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் வசந்தி, செயின் மோட்டாரில் மின்சாரம் இல்லையென்றால் பிடிக்க எதுவுமே இல்லை. ஒரு நொடி நின்றான். அப்புறம் மெதுவாகப் பின்னால் வந்தான். அப்புறம் மெதுவாக இல்லை.

கீழே அம்மா நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன், அவருக்குக் காது கேட்காது. குண்டன் நாற்காலிக் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் இடித்து நின்றான். தொட்டி இரண்டாகப் பிளந்தது. 65 கிலோ, ஒரு ஆள் ஓடிவரும் வேகம். அந்த ஒரு சாணை அன்றைக்குப் பிறகு மூன்று முறை ஸ்கேல் வைத்து அளந்தேன். எதற்கு என்று கேட்காதே.

அம்மா நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே, "பிரேக் இல்லாத வண்டிக்கு எதுக்குடி இத்தனை ஒயர்?" என்றார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்துபோய்க் கணக்குப் போட்டேன். மோட்டார் வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டியது, நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 65 கிலோவைப் பத்து டிகிரியில் பிடித்து நிறுத்தவே 110 நியூட்டன் வேண்டும். மண் தரையில் சக்கரம் உருள ஒரு 30. நின்ற இடத்திலிருந்து கிளம்ப இன்னொரு 30. ஆக 170. சக்கரத்தின் ஆரம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அப்படியானால் கிளம்பும்போது ஒவ்வொரு மோட்டாரும் சக்கரத்தில் ஏறக்குறைய 11 நியூட்டன் மீட்டர் தர வேண்டும், ஏறிக்கொண்டே இருக்க 9. நடக்கும் வேகம், நொடிக்கு 0.8 மீட்டர் போதும் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 60 சுற்று. இதற்கு எத்தனை வாட் தெரியுமா? 140 நியூட்டனை 0.8ஆல் பெருக்கினால் 112. இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து!

என்னிடம் 500 இருந்தும் ஏறவில்லை. அந்த 250 வாட், மோட்டார் நிமிடத்துக்கு 2,700 சுற்று ஓடும்போது கிடைப்பது. அப்போது அதன் முறுக்கு 0.88 நியூட்டன் மீட்டர்தான். ஆறால் பெருக்கு, 5.3. வேண்டியது 9. மீதியை மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துக் கொடுக்கப் பார்க்கிறது. முறுக்கு ஆம்பியரோடு நேராக ஏறும், சூடு அதன் இருமடியாக ஏறும். முறுக்கை இரண்டு மடங்கு கேட்டால் சூடு நான்கு மடங்கு. கியரில் வேகத்தை ஆறுக்குப் பதில் நாற்பது பங்கு குறைத்திருந்தால் இதே மோட்டார் சத்தமில்லாமல் ஏற்றியிருக்கும். வாட்டைப் பார்த்து வாங்கினேன், கியரைக் கண்டுகொள்ளவில்லை. அலகுகளும் சேர்ந்து சதி செய்தன. ஒருவர் நியூட்டன் மீட்டரில் சொல்கிறார், இன்னொருவர் கிலோ சென்டிமீட்டரில். பத்தால் வகுக்க மறந்த அன்று நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

கியரைத் திருத்திவிடலாம், அது பெரிய விஷயமில்லை. அந்த ஒரு சாண்தான் மனதை விட்டுப் போகவில்லை. எத்தனை நல்ல மோட்டார் போட்டாலும் ஒரு ஒயர் கழன்றால், பேட்டரி விழுந்தால், மறுபடியும் அதே கதைதானே?

இங்கேதான் மகளோடு சண்டை. நின்றபடி ஓட்டும் இரண்டு சக்கரப் பலகை, அந்த ஹோவர்போர்டில் வரும் சக்கர மோட்டாரைப் போடு என்கிறாள். கியர் இல்லை, செயின் இல்லை, சத்தம் இல்லை, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். அழகாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வழவழப்பான தரையில் ஓடுகிற ரோபோவுக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அது வேகமாகச் சுற்றுவதற்குப் பிறந்தது. ஊர்ந்து ஏறச் சொன்னால் கியரின் உதவி இல்லாமல் முழு முறுக்கையும் ஆம்பியராலேயே தர வேண்டும். சரிவில் சும்மா நிற்பதற்குக்கூட மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். "கன்ட்ரோலர் பிடிச்சு நிறுத்திடும்மா" என்கிறாள். கன்ட்ரோலர் செத்தால்? மோட்டாரின் ஒயர்களைக் குறுக்கே இணைத்தால் பிடிக்கும் என்கிறாள். பிடிக்கும், ஓடுகிறவரை. வேகம் குறையக் குறைய அந்தப் பிடியும் குறையும், நகர்ந்துகொண்டேதான் இருக்கும். மூன்று நாள் பேசவில்லை. பிடிவாதம் என்கிறாள். யாரிடமிருந்து வந்தது என்று அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

நேற்று ஒரு ஜோடி வந்தது. மின் சக்கர நாற்காலியில் இருந்து கழற்றியது. பழசுதான். 24 வோல்ட், கியர்பாக்ஸோடு, நிமிடத்துக்கு 120 சுற்று. ஒரு ஆளையும் நாற்காலியையும் சேர்த்துச் சரிவு மேடையில் ஏற்றுவதற்கென்றே செய்தவை. குண்டனுக்கு வேண்டிய வேகத்துக்கும் முறுக்குக்கும் அங்கே குறைவில்லை. மேசையில் வைத்து ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. குறட்டால் பிடித்தும் அசையவில்லை, கியரின் பல்லிடுக்கு அளவுக்கு லொடலொடவென்று ஆடியதோடு சரி. பின்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல். அதைத் திருப்பினால் லேசாகச் சுற்றுகிறது, உள்ளே கிரீஸ் நெளிவதுகூடக் கையில் தெரிகிறது. திரும்ப வைத்துவிட்டு, தடித்த ஒயரைத் தொடாமல், கூடவே வரும் இரண்டு மெல்லிய ஒயருக்கு மட்டும் 24 வோல்ட் கொடுத்தேன்.

டக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. இருபத்தைந்து வருஷமாக லிஃப்ட் லிஃப்ட் என்று என் உயிரை வாங்கியவள் நீ. ஸ்பிரிங்தான் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும், மின்சாரம் அதை விடுவிக்கத்தான், மின்சாரம் போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். 1854இல் ஓடிஸ் நியூயார்க்கில், தன் லிஃப்ட் பிரேக்கை நம்பி, மேடை மேல் ஏறி நின்று கயிற்றை அறுக்கச் சொன்ன கதையை என் கல்யாணத்திலேயே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாய். அதே சங்கதி இந்த மோட்டாரின் பின்பக்கம் ஒரு டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. உன்னிடம் முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு தொட்டி மிஞ்சியிருக்கும். இதை நான் எழுதிக் கொடுத்ததாக யாரிடமும் காட்டாதே.

பிரேக் பிடித்திருந்ததால் இன்னொரு வேலையும் சுலபமாயிற்று. ஷாஃப்ட் அசையாத நிலையில் 2 ஆம்பியர் செலுத்தி வோல்ட்டேஜ் பார்த்தேன். 0.7. அதாவது மோட்டார் காயிலின் தடை 0.35 ஓம். ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி நான்கு இடத்தில் எடுத்தேன், பிரஷ் உட்காரும் இடத்தைப் பொறுத்துச் சற்று மாறும். 24ஐ அதால் வகுத்தால் சுற்ற முடியாமல் நிற்கும்போது 68 ஆம்பியர் இழுக்கும். மீட்டரில் நேராக ஓம் பார்த்திருந்தால் முனை ஒயரின் தடையும் சேர்ந்து ஏமாற்றியிருக்கும். அதனால் இந்த முறை கன்ட்ரோலரை அந்த 68ஐ மனதில் வைத்து வாங்கப்போகிறேன், ஆம்பியர் வரம்பை 40இல் கட்டிவைப்பேன். குண்டனின் எடையையும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் தலையில் முழுதாக ஏற்றமாட்டேன். வெளியே தனி பேரிங் போட்டுவிடுவேன்.

இப்போது உன் வேலை. சரிவின் நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போது பிரேக்கை முதலில் விட்டால், மோட்டார் முறுக்குக் கொடுப்பதற்குள் வண்டி ஒரு விரற்கடை பின்னால் போகும். லிஃப்டில் முதலில் மோட்டாருக்கு முறுக்கு ஏற்றிவிட்டு அப்புறம் பிரேக்கைத் திறப்பீர்கள் என்று நீ சொன்னதாக ஞாபகம். எவ்வளவு நேரம் முன்னால்? நிற்கும்போது வேகம் பூஜ்யமாகி, பிரேக் விழுந்து, அப்புறம்தான் மின்சாரத்தை எடுக்க வேண்டும், அது சரிதானே? அவசர ஸ்விட்ச் பிரேக் ஒயரை நேராக வெட்ட வேண்டும், நடுவில் புரோகிராம் எதுவும் வரக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரே சந்தேகம்: பிரேக் காயிலுக்குக் குறுக்கே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடை வெறுமனே போட்டால் மின்சாரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்து பிரேக் தாமதமாக விழுமே. நீங்கள் டையோடோடு ரெசிஸ்டரும் போடுவீர்களா, இல்லை வேறு ஏதாவது உண்டா? படம் போட்டு அனுப்பு. உன் கையெழுத்தில் வேண்டாம், மகனை எழுதச் சொல்.

மகள் இன்று காலை மேசைப் பக்கம் வந்து, ஒன்றும் பேசாமல் அந்த மெல்லிய ஒயரை நான்கு முறை தொட்டுத் தொட்டு எடுத்தாள். டக், டக், டக், டக். அப்புறம் காபி போட்டுக் கொடுத்தாள்.

அம்மாவிடம் இனிமேல் மேலே உட்கார் என்று சொல்லிப் பார்த்தேன். கீழே இருந்தால்தான் எல்லாம் தெரிகிறதாம். நாற்காலி இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. அதனால் கொஞ்சம் சீக்கிரம் பதில் போடு.

உன்,
கோமதி