அக்காவுக்கு, பழவேற்காடு போய் வந்து

அக்கா,

நேற்று பழவேற்காடு போனேன், தனியாக. நீ கையெழுத்துப் போட்டுவிட்டதாகப் போன வாரம் அம்மா சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அந்த வீட்டைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். இதை யார் யார் படிப்பார்கள் என்று உனக்கே தெரியும்.

பூநாரை சீசன் இல்லை, அதனால் கேமராக்காரர்களும் இல்லை. 1613-இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கோட்டை இருந்த இடத்தில் இன்னும் புதர்தான். பள்ளிவாசலில் பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில் மாதா கோயில் மணி கேட்டது. திண்ணையில் ஓலைப்பெட்டி பின்னிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டுக்குமே நிமிரவில்லை.

அப்புறம் அந்தக் கல்லறை. வாசலில் நிற்கும் கல் எலும்புக்கூடுகளைத் தாண்டியதும் உன் விரல்தான் ஞாபகம் வந்தது. அன்று நாம் வந்தபோது நீ கல்லறைப் பலகையின் எழுத்துகளுக்கு இடையே அடைந்திருந்த மணலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாய். நிமிராமலே, “நான் அங்க திரும்பிப் போகலடா” என்றாய். நான், “அந்த எலும்புக்கூடு நம்ம கணக்கு வாத்தியார் மாதிரியே இல்ல?” என்றேன். நீ சிரித்தாய். நகத்தை ஊதிவிட்டு எழுந்தாய். அன்று ராத்திரி உன்னை பஸ் ஏற்றிவிட்டதும் நான்தான்.

காதில் விழவில்லை என்று ஒன்பது வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தது அக்கா. இருபத்திரண்டு வயசு, வேலை இல்லை, அப்பாவுக்கு அப்போதுதான் ஆபரேஷன். நான் என்ன செய்திருக்க முடியும்? சரி, ஏதாவது செய்திருக்கலாம். நீயும் ஒரே ஒரு தடவைதானே சொன்னாய்? இதை எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் சித்திக்கு முன்னாடியே தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், எனக்கு மட்டும் அம்மா வழியாகத்தான் வர வேண்டுமா?

ஏரிக்கரையில் ஒரு பெரியவர் ‘பாடு’ பற்றிச் சொன்னார். யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். நல்ல இடம் ஒருத்தருக்கே போய்ச் சேராது. நம் வீட்டில் ஏது முறை? படித்தது நான், போனது உன் வளையல்.

உனக்கு ஒரு ஓலைப்பெட்டி வாங்கியிருக்கிறேன். மூடி கொஞ்சம் இறுக்கம். மாடி அறையைக் காலி செய்துவிட்டேன், என் புத்தகங்கள் மட்டும் பாக்கி. சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வரட்டுமா, வேண்டாமா? அத்தை பார்க்கிற இடத்தில் பதில் போடாதே. போன் பண்ணு.