256 நாள்களை மட்டும் வைத்து எடை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்ன வயதிலேயே பெரிய கால்பந்து கிளப்புகளில் பயிற்சியாளர் பொறுப்புக்கு வந்தவர்களைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் போர்ச்சுகல்காரர் ஆந்த்ரே வில்லாஸ் போவாஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. பிரபல பயிற்சியாளர் மொரின்யோவைப் போல ஆக நினைத்து லண்டனின் செல்சி கிளப்பில் தோற்றுப்போனவராம். அந்த ஒரு வரி மனசை உறுத்தியதால்தான் இந்தக் கடிதம். பதினைந்து வருடமாக அந்த மனிதரைக் கவனித்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவர் கதையே ஒரு கடிதத்தில்தான் தொடங்குகிறது. 1994-ல் இங்கிலாந்துக்காரர் பாபி ராப்சன் போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்பின் மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக வந்து சேர்கிறார். அவர் குடியிருந்த அதே அடுக்குமாடிக் கட்டடத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், பாட்டி இங்கிலாந்துக்காரர் என்பதால் ஆங்கிலம் சரளமாக வரும். டொமிங்கோஸ் பசியென்சியா என்ற கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரருக்கு ராப்சன் சரியாக வாய்ப்புத் தரவில்லை என்று அவனுக்கு ஒரே ஆதங்கம். ஒரு நாள் உட்கார்ந்து, டொமிங்கோஸை ஏன் ஆட்டத்தில் இறக்க வேண்டும் என்று எழுதி ராப்சனின் தபால் பெட்டியில் போட்டுவிட்டான். இங்கிலாந்து தேசிய அணியையே எட்டு வருடம் நடத்தியவர் ராப்சன். சிரித்துவிட்டுத் தூக்கிப் போட்டிருக்கலாம், ஆனால் போடவில்லை. பையனைக் கூப்பிட்டுப் பேசினார், ஆட்டங்களைக் கவனித்துக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார், அப்புறம் கிளப்பிலேயே எதிரணிகளைக் கண்காணிக்கும் பிரிவில் சேர்த்துவிட்டார். ஸ்காட்லாந்தில் பயிற்சியாளர் படிப்புக்கும் அவர்தான் வழி காட்டினார். 17 வயதிலேயே முதல் சான்றிதழ் கையில். சரி, பையன் சொன்ன அந்த டொமிங்கோஸ் என்ன ஆனார்? 1995-96 சீசனில் 25 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம். ராப்சனுக்குக் கீழேதான்.

வில்லாஸ் போவாஸ் தொழில்முறை ஆட்டக்காரராக ஒரு நாள்கூட இருந்ததில்லை, இதை மறந்துவிடக் கூடாது. கால் வழியாக வராமல் கண் வழியாகவும் பேனா வழியாகவும் கால்பந்துக்குள் வந்தவர். 21-22 வயதில் கரீபியனில் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் அணியை நடத்தினார், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பெர்முடாவிடம் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 14 கோல் வாங்கினார்கள். திரும்பி வந்து மொரின்யோவின் குழுவில் போர்ட்டோ, செல்சி, இன்டர் மிலான் என்று வருடக்கணக்கில் எதிரணிகளைப் பார்த்து அறிக்கை தயாரித்தார். அடுத்து ஆட வேண்டிய அணியின் மைதானத்துக்கே போய் உட்கார்ந்து, எந்த ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார், பந்தைப் பறிகொடுத்தால் யார் ஓடி வருவார், யார் ஓட மாட்டார் என்றெல்லாம் குறித்துக்கொண்டு வரும் வேலை. டிவியில் முகம் தெரியாத வேலை அது.

2009 அக்டோபரில் மொரின்யோவை விட்டு வெளியே வந்து போர்ச்சுகலின் கோயிம்பிரா நகரில் அகாதெமிகா அணியை எடுத்துக்கொண்டார். அப்போது அந்த அணி ஒரு வெற்றிகூட இல்லாமல் பட்டியலின் கடைசியில் கிடந்தது, சீசன் முடியும்போது 11-வது இடம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், அந்த ஜூலையில், ராப்சன் இறந்துபோயிருந்தார். தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வளர்த்த பையன் ஒரு லீக் அணியின் மேனேஜராக நிற்பதை அவர் பார்க்கவில்லை. எனக்கு இது இன்னும் தாங்கவில்லை.

அடுத்த வருடம் போர்ட்டோ. சொந்த ஊர், சொந்த கிளப், 32 வயது. அந்த 2010-11 சீசனைப் பற்றி எழுதாமல் இவரை எடை போடுவது எப்படி நியாயம்? லீக்கில் 30 ஆட்டம், 27 வெற்றி, 3 டிரா, தோல்வியே இல்லை. நவம்பரில் பரம எதிரியான பென்பிகாவை 5-0. வரேலா ஒரு கோல், ஃபால்காவ் இரண்டு, ஹல்க் இரண்டு. ஏப்ரல் 3-ம் தேதி லிஸ்பனில் பென்பிகாவின் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று ஜெயித்து, இன்னும் ஐந்து ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே பட்டத்தைக் கைப்பற்றினார்கள். ஆட்டம் முடிந்ததும் அங்கே மின்விளக்குகளை அணைத்துவிட்டார்கள், புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்களையும் திறந்துவிட்டார்கள். நீலச் சட்டை போர்ட்டோக்காரர்கள் அந்த இருட்டில் நனைந்துகொண்டே குதித்துக் கொண்டாடினார்கள். அந்தக் காட்சியை இணையத்தில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதே மாதம் போர்ச்சுகல் கோப்பை அரையிறுதியில், முதல் ஆட்டத்தைச் சொந்த ஊரில் 0-2 என்று தோற்றிருந்தவர்கள், மறுபடி அதே லிஸ்பன் மைதானத்துக்குப் போய் 3-1 என்று திருப்பிக் கொடுத்து இறுதிக்குப் போனார்கள். அந்த இறுதி ஆட்டம் 6-2.

அப்புறம் டப்ளின். 2011 மே 18, ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக்கின் இறுதி ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன் குவாரின் தூக்கிக் கொடுத்த பந்தை ஃபால்காவ் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோலில் போர்ட்டோ ஜெயித்தது. ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்ற மிக இளைய பயிற்சியாளர் என்ற பெயர் 33 வயது வில்லாஸ் போவாஸுக்கு. எதிரே நின்ற பிராகா அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? டொமிங்கோஸ் பசியென்சியா. பையன் கடிதம் எழுதி வாதாடிய அதே டொமிங்கோஸ். பதினேழு வருடம் கழித்து இருவரும் ஒரே மைதானத்தின் இரண்டு ஓரங்களில். இதை விட்டுவிட்டு ஒரு வரியில் முடிக்க உங்கள் கட்டுரையாளருக்கு எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை.

செல்சிக்கு வருகிறேன். சுமார் 1.5 கோடி யூரோ இழப்பீடு கொடுத்து அவரை அழைத்துப் போனார்கள், 2012 மார்ச் 4-ம் தேதி வேலையை விட்டு நீக்கினார்கள், மொத்தம் 256 நாள். அவர் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தடுப்பு வரிசையை மைதானத்தின் நடுவரைக்கும் ஏற்றி ஆட வைத்தார், ஆனால் திரும்பி ஓடும் வேகம் அந்தத் தடுப்பாட்டக்காரர்களுக்கு இல்லை, ஆர்செனலிடம் சொந்த மைதானத்திலேயே 3-5 என்று அடி வாங்கினார்கள். அணியில் வேரூன்றிப்போன மூத்தவர்களைப் பக்குவமாக நகர்த்தத் தெரியவில்லை. ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில், நாபோலி அணியுடன் ஆடியபோது மூத்த ஆட்டக்காரர்களான லம்பார்டையும் ஆஷ்லி கோலையும் வெளியே உட்காரவைத்து 1-3 என்று தோற்றார். லம்பார்டுக்கும் இவருக்கும் வயதில் ஒரு வருட வித்தியாசம்கூட இல்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள், ஆட்டக்காரர்களின் அறைக்குள் போய் உன் காலம் முடிந்தது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம். வயதான அணியைப் புதுப்பிக்கத்தானே கூப்பிட்டார்கள்? அதற்கு ஒரு சீசன்கூட முழுசாகக் கொடுக்கவில்லை.

இரண்டரை மாதம் கழித்து, இவர் இடத்துக்கு வந்த டி மட்டேயோ தலைமையில் செல்சி மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது, உடனே எல்லோரும் இவரைக் கேலி செய்தார்கள். அந்த ஆட்டத்தின் 88-வது நிமிடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். செல்சியின் ட்ரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்தாரே, அந்த கார்னரை அடித்தது ஹுவான் மாத்தா. மாத்தா செல்சிக்கு வந்தது வில்லாஸ் போவாஸ் காலத்தில். அன்று தடுப்பின் நடுவில் நின்று எதிரணியான பேயர்னைச் சமாளித்த கேரி கேஹிலும் அப்படித்தான். டி மட்டேயோவும் அவர் அழைத்து வந்த உதவியாளர்தான். இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

மொரின்யோவின் நகல் என்பதும் தப்பு. தன்னிடம் ராப்சனின் சாயல்தான் அதிகம் என்று போர்ட்டோவில் பொறுப்பேற்றபோதே சொன்னவர், அவருடைய அணி ஆடிய ஆட்டமும் அப்படியே முன்னேறிப் போய் அடிக்கிற ஆட்டம்தான்.

செல்சிக்குப் பிறகு போன லண்டனின் டாட்டன்ஹாம் கிளப்பில் முதல் சீசனில் 72 புள்ளி எடுத்தும் ஐந்தாம் இடம்தான் கிடைத்தது, நட்சத்திர ஆட்டக்காரர் கேரத் பேலை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றதும் எல்லாம் சரிந்தது. ஜெனிட் கிளப்பில் ரஷ்ய லீக் பட்டம், பிறகு சீனாவில் ஒரு வருடம். 2018-ல் டகார் பந்தயத்தில் கார் ஓட்டப் போய் முதுகில் அடிபட்டு வெளியேறினார். பிரான்ஸின் மார்செய் அணியை அந்த நாட்டு லீக்கில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோனார், 2021-ல் தான் வேண்டாம் என்று சொன்ன ஒரு வீரரை நிர்வாகம் அணியில் சேர்த்ததும் பணம் எதுவும் வேண்டாம் என்று ராஜினாமாக் கடிதம் நீட்டினார்.

போர்ட்டோ பயிற்சியாளர் பதவியைத் தன் கனவு நாற்காலி என்று சொன்னவர் அவர். சொல்லிவிட்டு ஒரே வருடத்தில் லண்டனுக்குப் போனதால் அந்த ஊர்க்காரர்கள் பலருக்கு மனசு உடைந்துபோனது உண்மை. ஆனால் 2024 ஏப்ரலில் அதே ஊர்க்காரர்கள்தான், போர்ட்டோ கிளப் தலைவர் தேர்தலில், 42 வருடம் தலைவராக இருந்த பின்டோ ட கோஸ்டாவை எதிர்த்து நின்ற இவருக்கு 80 சதவீதத்துக்கும் மேல் ஓட்டுப் போட்டார்கள். 2010-ல் இவரைப் பயிற்சியாளராக நியமித்தவரே அந்தப் பின்டோ ட கோஸ்டாதான்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அவர் படத்தைப் போடும்போது அடியில் ‘முன்னாள் செல்சி பயிற்சியாளர்’ என்று போடாதீர்கள். போர்ட்டோ கிளப்பின் தலைவர் என்று போடுங்கள். படமும் டப்ளினில் கோப்பையோடு நிற்கிற படமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்