அந்த ஐந்து லிட்டர்

அண்ணே,

நம் பழைய பத்மினி கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு அடுத்த வரியில் விலை பேசுவாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் பார்க்க எழுதினால் பாதியில் பின்வாங்க முடியாது என்பது இன்னொரு காரணம். அண்ணியும் படிப்பார்கள், தெரியும். அதனால் சில இடங்களில் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தக்கலையிலிருந்து ஒரு மெக்கானிக் ஆசானைக் கூட்டி வந்தேன். கார்புரேட்டர் என்றதும் முகம் மலர்கிற ஆட்கள் இப்போது குறைவு. வந்தவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. டேங்க்கைக் கழற்றி முற்றத்தில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நாற்றம். அடியில் கருப்பட்டிப் பாகு போல ஏதோ கொஞ்சம் உறைந்து கிடந்தது. அதற்கு மேலே சுற்றிலும் துரு, செதில் செதிலாக.

"நிறைய எண்ணெயோட நின்ன டேங்க் இப்படித் துரு ஏறாது. காலியாத்தான் நின்னிருக்கு. ஈரக்காத்து உள்ள புகுந்து வேலை பாத்திருக்கு. எண்ணெய எடுத்தது யாரு?" என்றார்.

நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல உள்ளே போய்விட்டேன்.

எடுத்தது நான்தான், அண்ணே. 2017 நவம்பர் 29, சாயங்காலம். கொத்தனார் விட்டுப்போன லெவல் ட்யூபை டேங்க்குக்குள் விட்டு வாயால் இழுத்தேன். ஒரு மடக்கு தொண்டைக்குள்ளேயே போய்விட்டது. கட்டன் சாயா குடித்துக் கொப்பளித்தும் ராத்திரி முழுக்க ஏப்பத்தில் பெட்ரோல். மறுநாள் கோவளம் போவதாகப் பயல்களோடு திட்டம். கையில் காசில்லை. ஐந்து லிட்டர் போனால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த வண்டியில் பெட்ரோல் முள் என்றைக்குமே பாதியில்தானே நிற்கும்.

விடிந்ததும் ஒக்கி புயல். அந்தக் காலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ பார்க்காத ஒன்று உண்டு. நீ சாவியைத் திருகித் திருகி பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தபோது நான் திண்ணைத் தூணைப் பிடித்தபடி நின்றேன். என் பைக் பத்தடி தள்ளி, தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. அதன் டேங்க்கில் அந்த ஐந்து லிட்டரும் அப்படியே இருந்தது. ட்யூப் கிணற்றடியில் கிடந்தது. திரும்ப ஊற்ற ஐந்து நிமிடம் போதும். அண்ணி உள்ளே வலியில் (சரி, இதற்கு மேல் எழுதவில்லை). அப்பா டேங்க்குக்குள் அளவு பார்க்கும் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு உன்னைச் சொன்ன அந்த வார்த்தை இருக்கிறதே, அது என்னைச் சொல்லியிருக்க வேண்டியது. நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தின நாள் வண்டியை எடுத்தவன் நீ என்பதால், நீயே உன்னைச் சந்தேகப்பட்டிருப்பாய்.

ஊற்றியிருந்தாலும் வண்டி போயிருக்காது. முக்கு திரும்புவதற்குள் ரப்பர் மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தன. அண்ணியை நாற்காலியில் வைத்துத்தானே ஜீப் வரை தூக்கிப்போனீர்கள். எட்டு வருஷமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். மரம் விழுந்து கிடந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

ஆனால் நீயும் ஒன்றைக் கேள். அப்பா கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்காக மஸ்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாய். அப்புறம் இரண்டு தடவை வந்தாய், இரண்டு தடவையும் அண்ணி வீட்டில் தங்கினாய். ஆஸ்பத்திரிக்கு அலைந்தது நான். 2020இல் விமானம் இல்லை, அது உன் தப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இருந்தது. அப்பா அந்த ஷெட்டை யாரையும் திறக்க விடாததற்குக் காரணம் கோபம் என்று நீ நினைக்கிறாய். அவர் தினமும் போய் அதன் கதவைத் தொட்டுவிட்டு வருவார். போனில் இதை உன்னிடம் சொல்லவிடாமல் செய்ததும் என் பயம்தான் போலிருக்கிறது.

சரி, வண்டிக்கு வருகிறேன். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டை ஊற்றினால் துரு போய்விடும் என்று பக்கத்து வீட்டு மாமா பாட்டிலோடு வந்துவிட்டார், ஆசான் விடவில்லை. சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரும் ஒரு கை நட்டும் உள்ளே போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினோம். இரண்டு நாள் ஊறவிட்டு, சோடா மாவுத் தண்ணீரில் அலசி, உடனே சூடு காற்றடித்துக் காயவைத்தோம். நம்மூர் ஈரத்தில் அரை நாள் விட்டாலே புதுத் துரு பூத்துவிடுமாம். பம்பின் டயாபிரம் அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது. கார்புரேட்டரில் ஊசி வால்வு பிசினில் ஒட்டியே போயிருந்தது. ஜெட்டைக் கம்பியால் குத்தப் போனேன், கையில் ஒரு அடி விழுந்தது. பித்தளை, துளை மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் கணக்குத் தப்பிவிடும். ஊறவைத்துக் காற்றால்தான் ஊத வேண்டும்.

முதலில் டேங்க்கை நம்பாமல், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போல ஒரு பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு நேரே கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொடுத்தார். சோக்கை இழுத்து மூன்றாவது தடவை இருமியது, நாலாவது தடவை பிடித்தது. அந்தச் சத்தத்துக்கு அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, அப்பா வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியும்ல, உன் சட்டையெல்லாம் பெட்ரோல் நாறிச்சே" என்றாள். துவைத்தது அவள்தானே.

இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், ஈரத்தை வேறு இழுக்கும். ஹோஸ் எல்லாம் அதற்குத் தாங்குவதாக மாற்றியாயிற்று, ஆனாலும் ஒரே இடத்தில் நிறுத்திப் போடக்கூடாது என்கிறார் ஆசான். விற்பதானால் நீயே வந்து, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு விற்றுக்கொள். 30ஆம் தேதி உன் மகளுக்கு எட்டு முடிகிறது. லீவு கிடைக்காது என்று சொல்வாய்.

நேற்றுப் பத்து லிட்டர் ஊற்றி, அப்பாவின் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டேன். செலவில் பாதியைத் தருவதாகச் சொல்லியிருந்தாய். கணக்கு அனுப்புகிறேன், அதில் ஐந்து லிட்டரைக் கழித்திருக்கிறேன்.