கோட்டைக்குள் 1806 சிப்பாய்ப் புரட்சியைச் சொல்லும் பலகைகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். என் சவாரிகளில் பெரும்பாலானோர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளக் குடும்பங்கள். ரிப்போர்ட் வரும்வரை லாட்ஜ் அறையில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்கள்? சாயங்காலம் கோட்டைக்குக் கூட்டிப்போகச் சொல்வார்கள். அகழியைச் சுற்றிப் பார்த்து, ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

கொல்கத்தா தர்மதலாவில் திப்பு சுல்தான் மசூதி இருக்கிறது. அவர்களில் பலருக்கும் அது பழகிய இடம். அதைக் கட்டியவர் திப்புவின் கடைசி மகன் குலாம் முகமது. அவர் சிறுபிள்ளையாக இருந்தது நம் வேலூர்க் கோட்டையில் என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் குடும்பத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கேதான் காவலில் வைத்தார்கள். 1806-ல் இந்தக் கோட்டைக்குள் நம் சிப்பாய்கள் கம்பெனியாரை எதிர்த்து நடத்திய புரட்சிக்குப் பிறகுதான் கொல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். இதைச் சொல்லிக் கைகாட்ட எனக்கு ஒரு பலகை வேண்டும்.

புரட்சியைத் தொப்பிச் சண்டை என்று சிலர் லேசாகச் சொல்வதைக் கேட்டால் மனசு கொதிக்கிறது. நெற்றியில் நாமமோ விபூதியோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சிப்பாய்களுக்கு உத்தரவு வந்தது. 1806 மே மாதமே ஒரு பட்டாளம் தலைப்பாகையை வாங்க மறுத்தது. அதற்காக ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி விதித்து வேலையை விட்டும் விரட்டினார்கள். ஜூலை 10 விடியும் முன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்ததென்றால் அதற்கு முன் இவ்வளவு நடந்திருக்கிறது. 69-வது ரெஜிமென்ட்டின் வெள்ளைச் சிப்பாய்கள் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், கோட்டைத் தலைவர் பேன்கோர்ட்டும் செத்தார். மைசூர்ப் புலிக்கொடி ஏறியது.

அப்புறம் ஆற்காடு கன்டோன்மென்ட்டிலிருந்து, அதாவது பட்டாளம் தங்கும் இடத்திலிருந்து, வெள்ளை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். அந்தக் கன்டோன்மென்ட் இருந்தது இன்றைய ராணிப்பேட்டையில். அங்கிருந்து இங்கே சுமார் 25 கிலோமீட்டர். ராணிப்பேட்டை சவாரி கிடைக்கும்போதெல்லாம் அந்தக் காலையை நினைக்காமல் என்னால் வண்டி ஓட்ட முடிவதில்லை. கோட்டைக் கதவைப் பீரங்கியால் உடைத்தார்கள். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்கள் சுமார் நூறு பேரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை கிடையாது. அன்று மொத்தம் ஏறக்குறைய 350 சிப்பாய்கள் மாண்டதாகச் சொல்கிறார்கள். மிச்சமிருந்தவர்களில் சிலரைப் பின்னால் விசாரித்து, பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், தூக்கிலும் போட்டார்கள்.

1857-க்கு 51 வருடம் முந்தைய சம்பவம் இது. ஜூலை 10 அன்று மக்கான் பகுதியில் உள்ள புரட்சி நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறார்கள். சரி, நல்லது. ஆனால் தூண் நிற்பது கோட்டைக்கு வெளியே. ரத்தம் சிந்தியது உள்ளே.

ஆகவே தொல்லியல் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள் இது. வெள்ளைச் சிப்பாய்கள் தூங்கிய பாரக் எங்கே, கில்லெஸ்பி உடைத்த கதவு எது, நூறு பேரைச் சுட்ட இடம் எது என்று ஆராய்ச்சியாளர்களை வைத்து உறுதிசெய்து அங்கங்கே பலகை வையுங்கள். திப்பு மகால், ஹைதர் மகால் வாசலிலும் வேண்டும். தமிழோடு வங்காளத்திலும் எழுதுங்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள மெடிக்கல் ஷாப்புகளும் ஓட்டல்களும் வங்காளத்தில் பெயர்ப்பலகை வைத்திருக்கும்போது கோட்டையில் வைக்க முடியாதா? ஆபீசர்ஸ் லைன், இன்ஃபன்ட்ரி ரோடு, கன்டோன்மென்ட் ஸ்டேஷன் என்று தினம் நம் வாயில் வரும் இடங்களிலும் அங்கே பட்டாளம் இருந்த கதையை நான்கு வரியில் எழுதி வைக்கலாம். ராணிப்பேட்டை இப்போது தனி மாவட்டம். அங்குள்ள நிர்வாகமும் தன் பங்குக்கு ஒரு பலகை வைக்க வேண்டும்.

அடுத்த ஜூலை 10-க்குள் கோட்டைக்குள் ஒரு பலகையாவது நட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டோ ஓட்டுநர், தோட்டப்பாளையம், வேலூர்