ஷின் ஹே-சோலுக்கு, அக்டோபர் 27 அன்று

மதிப்பிற்குரிய ஷின் ஹே-சோல் அவர்களுக்கு,

சென்ற வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓர் இளைஞரிடம் பேச்சுவாக்கில் உங்கள் பெயரைச் சொன்னேன். சியோலில் பிறந்து வளர்ந்தவர். காதில் எந்நேரமும் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். "ஓ, அந்த மருத்துவத் தகராறுச் சட்டமா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. இரவு வீட்டில் தூக்கம் பிடிக்காமல் புரண்டபோதுதான் கோபம் வந்தது. அது முழுக்க உங்கள்மேல் வந்தது.

கொரிய இசையைப் பற்றி இங்கே எவ்வளவோ எழுதியிருக்கிறேன். 2014-இல் இதே நாளில் மறைந்த பாடகரான உங்களைப் பற்றி மட்டும் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வாசகர்கள் கேட்டபோதும் வேறு பேச்சுக்குத் தாவினேன். இனிமேல் அது முடியாது.

உங்கள் பெயரால் அழைக்கப்படும் அந்தச் சட்டம் நல்ல சட்டம்தான். நோயாளி இறந்துபோனாலோ, ஒரு மாதத்துக்கு மேல் நினைவு திரும்பாமல் கிடந்தாலோ, மருத்துவமனை சம்மதிக்காவிட்டாலும் சமரச விசாரணை தானாகத் தொடங்கிவிட வேண்டும் என்கிறது. 2016 நவம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு எதிர்த்தரப்பு வர மறுத்தால் மனு அங்கேயே முடங்கிவிடும். முகம் தெரியாத ஏதோ ஒரு குடும்பத்துக்கு உங்கள் பெயரால் ஒரு வழி பிறந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பெயர் உங்களுடையது. இருபத்தாறு ஆண்டுகள் பாட்டில் உழைத்துச் சம்பாதித்த பெயர். அதைக் கேட்டதும் ஒருவருக்கு ஒரு மெட்டாவது நினைவுக்கு வர வேண்டாமா?

1991-இல் நீங்கள் வெளியிட்ட இரண்டாவது தனி ஆல்பத்தைப் பற்றி யாராவது பேசினால் நன்றாக இருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தீர்கள். முந்தைய ஆண்டுதான் முதல் தனி ஆல்பம் வந்து, மென்மையான காதல் பாட்டு, அழகான முகம், வானொலி, தொலைக்காட்சி என்று எல்லாம் கூடி வந்திருந்தது. இன்னொரு முறை அதையே செய்திருந்தால் போதும். நீங்களோ கணினியும் அதோடு இணைத்து இசைக்கும் மிடி கருவிகளுமாக உட்கார்ந்து, டிரம், பாஸ், கீபோர்டு எல்லாவற்றையும் நீங்களே கோத்துக்கொண்டிருந்தீர்கள். கொரியாவில் அந்த முறையில் ஓர் ஆல்பத்தைக் கட்டிப் பார்த்த முன்னோடிகளில் நீங்கள் ஒருவர். இன்று ஒற்றை மடிக்கணினியோடு அறைக்குள் அமர்ந்து பாட்டுச் செய்யும் பிள்ளைகளுக்கு அது சாதாரணம். அன்று அதற்குப் பொறுமையும் பைத்தியமும் சம அளவில் வேண்டியிருந்தது.

அதே ஆல்பத்தில் உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட கடிதமாக ஒரு பாட்டு இருக்கிறது. வான்கோவும் நீட்சேயும் வங்கிக் கணக்கின் இருப்புத் தொகையும் ஒரே பாட்டுக்குள் வந்து போவார்கள். தத்துவம் படிக்கப் போய்ப் பட்டம் வாங்காமல் வந்தவர் எழுதிய பாட்டு என்பது தெரிகிறது. நான் ஊரை விட்டு வந்து, சம்பளம் வந்ததா என்று கைபேசியைப் பார்த்துப் பார்த்து நாள் ஓட்டிய காலத்தில் அந்தப் பாட்டு என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது. கொரிய மொழி அப்போது எனக்குப் பாதிதான் புரியும். அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். கை மட்டும் அந்த மைதானத்துக்கே போகிறது.

2014 அக்டோபர் 25, சனிக்கிழமை. நிறுவனத்தின் இலையுதிர்கால விளையாட்டு விழா. ஒரு பள்ளி மைதானத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நீல அணி, வெள்ளை அணி, கயிறு இழுத்தல், தொடர் ஓட்டம், பெட்டி பெட்டியாகக் கிம்பாப் என்ற சோற்றுச் சுருள். நான் ஒலிபெருக்கி மேசைக்குப் பக்கத்தில் மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் இதயம் நின்றுபோய் மூன்று நாள் ஆகியிருந்தது. நீங்கள் நினைவில்லாமல் கிடக்கிறீர்கள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். காலையில் பஸ்ஸில் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

கடைசி ஓட்டத்துக்கு முன் உற்சாகப் பாட்டு போட வேண்டும். இந்த நாட்டில் அந்த மாதிரி இடத்தில் என்ன பாட்டு வரும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழக மைதானத்திலும் பேஸ்பால் அரங்கிலும் வழக்கமாக ஒலிக்கும் உங்கள் பாட்டுதான். பாட்டுப் போடும் பையன் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "போடலாமா?" என்று கேட்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நான் தலையசைத்தேன்.

அந்த முன்னிசை எழும்பியதும் மைதானம் முழுக்க ஒரு கணம் திகைத்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பிறகு யாரோ ஒரு பெண் கையை உயர்த்திக் கத்தினார். அத்தனை பேரும் குதித்தார்கள். வழக்கத்தைவிட அதிகமாகவே குதித்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நானும் குதித்தேன். எங்கள் துறைத் தலைவர் ஒருவர்தான் எழவில்லை. உங்கள் வயதுக்காரர். 1988-இல் நீங்கள் இதே பாட்டுக்குக் கல்லூரிப் பாடல் விழாவில் பெரும்பரிசு வாங்கியதை வீட்டில் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்தவர். தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறப்பதும் மூடுவதுமாக அமர்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து ஒன்று சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. மொழிபெயர்ப்புக் கருவிகள் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன. அவர் இதைப் படிக்கக்கூடும். அவர் என்மேல் இரக்கம் இல்லாமல் பேசவில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

திங்கட்கிழமை இரவு நீங்கள் போய்விட்டீர்கள்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் எதற்காக? அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று போர்வைக்குள், வாயால் ஊதி வாசிக்கும் சிறிய கீபோர்டான மெலோடியனை வைத்துக்கொண்டு கட்டிய மெட்டு அது. அடக்கி அடக்கி ஊதிய அந்த மூச்சுதான் மேடையில் அவ்வளவு பெரிய முழக்கமாக வெடித்தது என்று நான் நம்புகிறேன். கடைசியாக மேடையேறி, பெரும் பாடகர் ஜோ யோங்-பில் நடுவர் தலைவராக அமர்ந்திருந்த அரங்கையே எழுப்பிவிட்ட பாட்டு. குதிப்பதற்கென்றே செய்த பாட்டுக்குக் குதித்தது குற்றமா? நான் தலையை அசைக்காமல் இருந்திருந்தால் வேறொரு பாட்டு ஓடியிருக்கும். அன்றைய தினம் உங்கள் குரல் இல்லாமலே போயிருக்கும். அது மட்டும் மரியாதையா? இப்படி வாதாடுகிறேன். ஆனாலும் அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்த பார்வை நினைவுக்கு வந்தால், மன்னித்துவிடுங்கள் என்றுதான் வாயில் வருகிறது. இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். உங்களைச் சட்டமாக்கியது நாடாளுமன்றம் மட்டுமல்ல. நீங்களே உங்கள் பாட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டீர்கள். விவாத மேடையில் கறுப்புக் கண்ணாடியும் கையுறையுமாக அமர்ந்து, கஞ்சாவைக் குற்றமாகக் கருத வேண்டுமா என்று பேசினீர்கள். பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்றீர்கள். 2002 அதிபர் தேர்தலில் வேட்பாளர் ரோ மூ-ஹ்யுனுக்காகத் தெருவில் இறங்கினீர்கள். அவர் இறந்த 2009-இல் மொட்டைத் தலையோடு மேடையேறி அழுதீர்கள். அந்த அரசியலில் நான் எந்தப் பக்கம் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் விசாவில் இருப்பவருக்கு அது அழகல்ல. நான் கேட்பது வேறு. நீங்கள் பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும் அடியில் ஓர் ஆல்பம் புதைந்தது உங்களுக்குத் தெரியவில்லையா? அதே 2009-இல், தேர்வுக் கல்வியை அத்தனை காலம் சாடிய நீங்கள் ஒரு தனிப்பயிற்சி நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்தீர்கள். பொதுக்கல்வியைத்தான் எதிர்த்தேன், தனிப்பயிற்சியை அல்ல என்று விளக்கமும் தந்தீர்கள். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. இன்றும் ஏற்கவில்லை.

இதை எழுதும்போதே உங்களுக்காக வாதாட ஒருவர் எனக்குள் எழுந்து நிற்கிறார். 1995-இல் உங்கள் ராக் குழுவான நெக்ஸ்டின் ஆல்பத்தில், ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீகமும் கொண்டவர்கள் மணக்கக்கூடாது என்ற சட்டத்தால் பிரிந்து நின்ற காதலர்களுக்காக ஒரு பாட்டு வைத்தீர்கள். பேச்சாளரும் பாட்டுக்காரரும் அங்கே ஒருவராகவே இருந்தார்கள். 1997-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்ற பக்கம் சாய்ந்தது. பாட்டால் தீர்ப்பு வந்தது என்று நான் கதை கட்டப்போவதில்லை. தீர்ப்புக்கு முன்பே உங்கள் பாட்டு அவர்கள் பக்கத்தில் போய் நின்றது. எனக்கு அது போதும்.

1994-இல் வந்த கோழிக்குஞ்சுப் பாட்டைப் பற்றி நிதானமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை. நடைமேம்பாலத்தின் மேல் சதுரப் பெட்டியில் வைத்து விற்ற மஞ்சள் குஞ்சு. அதற்கு யால்லி என்று பெயர். அது செத்துப்போகிறது. ஒரு சிறுவன் சாவை முதல்முறை தொட்டுப் பார்க்கிறான். இதே ஆல்பத்தில்தான் ஓடு ஒன்றை உடைத்துக்கொண்டு வெளியேறுவதைப் பற்றிய நீண்ட ராக் பாட்டும், கனத்த கிட்டார்களும் இருக்கின்றன. இவ்வளவு இரைச்சல் போடத் தெரிந்தவர் ஒரு குஞ்சுக்காகக் குரலைத் தணித்துக்கொண்டார். உங்களை மாவாங் என்று, இருளின் அரசன் என்று, நீங்கள் நடத்திய நடுநிசி வானொலி நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. குஞ்சுக்காக அழுத பையனுக்கு எதற்கு அரசப் பட்டம்?

உங்கள் இறப்புக்கு முன் நடந்த அறுவை சிகிச்சை பற்றி எதுவும் எழுத மாட்டேன். நீதிமன்றங்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டன. அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க எனக்குத் தகுதி இல்லை. உங்கள் வீட்டாரும் இதைப் பார்க்க நேரலாம். தகனத்துக்காகக் கூடிய சக பாடகர்கள் தகனத்தையே நிறுத்தச் சொல்லி, உடற்கூறாய்வு வேண்டும் என்று கேட்ட அந்த 31-ஆம் தேதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்காரர்களுக்குள் எத்தனையோ போட்டிகள் உண்டு. அன்று அவர்கள் உங்களைச் சும்மா அனுப்பிவைக்க மறுத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

நன்னீர் விலாங்கைப் பற்றிய அந்தப் பாட்டு, நான் செத்தால்தான் புகழ்பெறும், என் இறுதிச் சடங்கில் ஒலிக்கும் என்று நீங்கள் முன்பே சொல்லிவைத்திருந்தீர்கள். அப்படியே நடந்தது. தரவரிசையில் அது மேலே ஏறியதைப் பார்த்து எல்லாரும் நெகிழ்ந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. 1999-இல் வந்த பாட்டு. பதினைந்து ஆண்டுகள் அது இருந்த இடத்திலேயே இருந்தது. கேட்டிருக்கலாமே! நீங்களும் அப்படிச் சொல்லி வைத்திருக்கக்கூடாது. உங்கள் வாயால் நீங்கள் சொன்னவற்றில் இதை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

சியோலுக்கு அருகே சோங்னாம் நகரின் சுனே-தோங்கில் நீங்கள் வேலை செய்த இடத்தை ஒட்டி உங்கள் பெயரில் தெரு இருக்கிறது. 2018 முதல் இருக்கிறது. வேலை முடிந்து வரும்போது அவ்வழியே நடப்பதுண்டு. சிலையோடு படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். நல்லவர்கள். அவர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றும், ஆனால் சொல்வதில்லை. எனவே இங்கே சொல்கிறேன். 2014 ஜூனில், ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 'A.D.D.a' என்ற பாட்டுக்காக உங்கள் ஒருவர் குரலையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடங்களில் அடுக்கினீர்கள். கருவி எதுவும் இல்லை. டிரம்மும் நீங்கள், பாஸும் நீங்கள், பின்னால் நிற்கும் கூட்டமும் நீங்கள். நாற்பத்தாறு வயதில், 1991-இன் அதே பையனாக மறுபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். கேட்டவர் எத்தனை பேர்? கேட்காதவர்கள் இன்றாவது கேட்கட்டும். நல்ல ஹெட்போனில், முழுதாக, கேட்கட்டும். அந்த இளைஞருக்கும் நேற்று அதன் இணைப்பை அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பாட்டு வந்த ஆல்பத்தின் தலைப்பில் 'முதல் பகுதி' என்று போட்டிருந்தீர்கள். போட்டது நீங்கள்தான், யாரும் வற்புறுத்தவில்லை. நான்கு மாதத்தில் போய்விட்டீர்கள். உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டாம் பகுதி எங்கே என்று கேட்பதை நான் விடப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பாட்டுக்குக் குதித்தவர்களில் ஒருவர்