தேயிலைத் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: விதியைத் தமிழில் எழுதித் தாருங்கள்

மதிப்புக்குரிய தோட்டத் துரை அவர்களுக்கும் தலைமை அலுவலக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஓர் அக்கா கைபேசியில் எடுத்த படம் பற்றி நீங்கள் அறிவீர்கள். அதற்குப் பிறகு ஆபீஸ் சுவரில் ஒட்டிய அறிவித்தல் பற்றியே எழுதுகிறேன். தோட்டத்தைப் பற்றி எதையும் பேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ போட்டால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பீர்களாம். அறிவித்தல் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கூட்டிவந்து வாசிக்கச் சொல்லித்தான் விளங்கிக்கொண்டார்கள்.

அந்த அக்கா செய்தது என்ன? பின்னேரம் நிறுக்கும்போது தராசு காட்டிய கிலோவையும், தன் கொழுந்துத் துண்டில் எழுதப்பட்ட கிலோவையும் படம் பிடித்தார். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகும் கணக்கு ஒத்துவரவில்லை. இரண்டு கிலோ குறைந்தால் முழுப்பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம், அரைப்பேராகிவிடும். கேள்வி கேட்க அந்தப் படத்தைத் தவிர அவரிடம் வேறு சாட்சி இல்லை. ஆபீசுக்குக் கூப்பிட்டு, எல்லாரும் பார்த்திருக்க அதை அழிக்க வைத்தீர்கள். பிறகு ஓர் ஆங்கிலக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினீர்கள். கொழுந்துக் கறை காயாத விரலால் போட்ட கையெழுத்து அது. கடிதத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

தோட்டத்துக்கு இரகசியம் இருக்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலையின் விபரம், வாங்குவோர் பெயர், சக தொழிலாளியின் நோய் எதுவும் வெளியே போகக்கூடாதுதான். ஆனால் என் நிறை, என் பேர், என் சம்பளத் துண்டு எப்படித் தோட்டத்தின் இரகசியமாகும்? எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று தமிழில் எழுதித் தாருங்கள்.

எங்கள் விபரத்தையும் அதே கவனத்தோடு பாதுகாக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தோடு சேமலாப நிதிப் பட்டியலை அதே ஆபீஸ் சுவரில்தான் ஒட்டுகிறீர்கள். கூடை சுமந்த பெண்களின் முகங்களைக் கம்பெனி விளம்பரத்தில் போடுகிறீர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் வந்துவிட்டது. தமிழ் அரசகரும மொழியாகி, 1987இலிருந்து எத்தனை வருடம் போய்விட்டது! 1948இல் எங்கள் மலையகச் சனத்தின் பிரஜாவுரிமையைப் பறித்ததும் காகிதத்தில்தான். விளங்காத காகிதத்தைக் கண்டால் எங்கள் சனம் இன்னும் பயப்படுவது அதனால்தான்.

கோபத்தில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. கேட்பது இவ்வளவுதான்: அக்காவிடம் கையெழுத்து வாங்கிய அந்தக் கடிதத்தை மீளப் பெறுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் மாதர் சங்கத்தையும் கூப்பிட்டுப் பேசி, விதியைத் தமிழில் எழுதுங்கள். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் வாசித்துக் காட்டி, கேள்வி கேட்க விடுங்கள். அதுவரை கைபேசிப் படத்துக்காக யார் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்பிரிவுத் தொழிலாளி ஒருவர்