ஹாலாங் படகைக் கடைசி நாளில் வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறை நெருங்கினாலே 'வியட்நாம் 3 இரவு, 4 பகல்' என்ற விளம்பரங்கள் வரிசைகட்டி வருகின்றன. ஹனோய் நகரமும் ஹாலாங் விரிகுடாவும் நம் ஊர்க் குடும்பங்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் இத்தகைய திட்டங்கள் பலவற்றில் படகுப் பயணம் கடைசியில் வருகிறது. கரையேறிய அன்று மாலையே விமானம். பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஹனோயிலிருந்து ஹாலாங் சுமார் 160 கிலோமீட்டர். ஹைஃபோங் வழியாக விரைவுச்சாலை வந்தபின் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். படகில் ஓர் இரவு தங்கும் பயணம் என்றால் காலை எட்டு, எட்டரைக்கு வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். பகல் பன்னிரண்டு மணிவாக்கில் படகேறுவீர்கள். மறுநாள் ஒன்பது, ஒன்பதரைக்கே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பதினொன்று, பதினொன்றரைக்குக் கரை. ஹனோய் திரும்பப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும். நொய்பாய் விமான நிலையம் நகரத்திலிருந்து மேலும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆறு மணி விமானத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

இன்னொரு காரணம் வானிலை. படகு கிளம்பலாமா என்பதைத் தீர்மானிப்பது பயண நிறுவனம் அல்ல, துறைமுக அதிகாரிகள். புயல் எச்சரிக்கையோ அடர்ந்த மூடுபனியோ வந்தால் எல்லாப் படகுகளையும் நிறுத்திவிடுவார்கள்; பல சமயம் அன்று காலையில்தான் தகவல் வரும். படகு இரண்டாம் நாளில் இருந்தால் ஹனோயைச் சுற்றிவிட்டு மறுநாள் போகலாம். கடைசி நாளில் இருந்தால் பார்க்காமலேயே ஊர் திரும்ப வேண்டியதுதான். ஆகவே குறைந்தது நான்கு இரவுகள் வேண்டும்: முதல் இரவு ஹனோய், இரண்டாவது படகு, பிறகு இரண்டு இரவுகள் ஹனோய். பெரிய பெட்டிகளை ஹனோய் விடுதியிலேயே விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு படகேறினால் போதும்.

மாதத்தைப் பொறுத்தவரை அக்டோபரும் நவம்பரும் சிறந்தவை. நம் பிள்ளைகளுக்கு விடுமுறையான மே மாதத்தில் அங்கே வெக்கையும் திடீர் இடிமழையும் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை புயல் காலம். 2024 செப்டம்பரில் யாகி புயல் இந்தக் கடற்கரையைத்தான் தாக்கியது. பிப்ரவரி, மார்ச்சில் நாள்கணக்கில் தூறலும் பனிமூட்டமும் நிற்கும், தீவுகள் சாம்பல் நிழலாகத்தான் தெரியும். அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துச்செல்ல வேண்டும். வெப்பநிலை 15 டிகிரிக்கும் கீழே இறங்கக்கூடும்.

விரிகுடாவில் 1,900க்கும் மேற்பட்ட சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் இருக்கின்றன. அவை அலையைத் தடுத்துவிடுவதால் நீர் குளம்போல் கிடக்கும். வாந்தி பயம் அநேகமாக இல்லை. அந்த அமைதியை நம்பி அசட்டையாக இருந்துவிடக் கூடாது. 2025 ஜூலை 19 அன்று திடீரென எழுந்த இடிப்புயலில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையில் இப்படிப்பட்ட காற்று சில நிமிடங்களில் கிளம்பிவிடும். பல அடுக்குப் படகுகளின் பக்கவாட்டில் அது மோதினால் தாங்காது. படகேறியதும் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, குழந்தைகள் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை மாட்டியும் பார்த்துவிடுங்கள். வானம் இருண்டால் அதை அணிந்துகொண்டு, அறைக் கதவைச் சாத்தாமல் வெளியேறும் வழிக்கு அருகில் இருங்கள்.

முன்பணம் கட்டும் முன் எந்தப் படகுத்துறையிலிருந்து படகு கிளம்புகிறது, எந்த வழியில் போகிறது என்று கேளுங்கள். எல்லாவற்றையும் 'ஹாலாங்' என்றுதான் விற்கிறார்கள். நடு விரிகுடாவில் சுங் சோட் குகையும் தி தோப் தீவும் உண்டு, கூட்டமும் அங்கேதான். தி தோப் உச்சிக்கு நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் கீழே கடற்கரையில் இருந்துகொள்வது நல்லது. காட் பா தீவை ஒட்டிய லான் ஹா விரிகுடாவும் கிழக்கே உள்ள பாய் து லோங்கும் அழகில் குறைந்தவை அல்ல, படகு நெரிசலும் குறைவு. நுழைவுக் கட்டணம், கயாக் என்னும் துடுப்புச் சிறுபடகு, குடிநீர் ஆகியவை பணத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒருநாள் பயணம் மலிவு; ஆனால் பன்னிரண்டு மணி நேரத்தில் தண்ணீரில் இருப்பது நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான்.

ஹனோயில் ஹோ சி மின் நினைவிடம் காலையில் மட்டுமே திறந்திருக்கும்; திங்கள், வெள்ளி விடுமுறை. பராமரிப்புக்காக ஆண்டில் சில வாரங்கள் மூடுவதும் உண்டு. தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். வெள்ளி மாலை முதல் ஞாயிறு நள்ளிரவு வரை ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றிய சாலைகளில் வண்டிகள் நுழைய முடியாது. அந்நாட்களில் வேன் எங்கே வந்து நிற்கும் என்று முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும்போது ஒரே சீரான வேகத்தில் மெதுவாக நடக்க வேண்டும். ஸ்கூட்டர்காரர்கள் உங்கள் நடையைக் கணித்து விலகிப்போகிறார்கள். திடீரென நின்றாலோ பின்வாங்கினாலோதான் மோதல்.

பணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வியட்நாம் நாணயமான டோங்கில் 20,000 நோட்டும் 5 லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம். ஒன்று நம் பணத்தில் சுமார் எழுபது ரூபாய், மற்றது ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கும் மேல். இருட்டில் மாற்றிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம். பெரிய நோட்டுகளைத் தனியாக வைப்பதுதான் வழி.

விசாவில் நம் தமிழ்ப் பெயர்களுக்கென்றே ஒரு சிக்கல். ஆதாரில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அதுவே அப்பா பெயராக விரிந்திருக்கும். இ-விசா விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்ப வேண்டும். பிழை இருந்தால் விமானத்தில் ஏற்ற மறுக்கலாம், கட்டணமும் திரும்பாது. ஒருமுறை நுழைய 25 டாலர்தான். அரசின் இணையதள முகவரி 'gov.vn' என்ற எழுத்துகளில் முடியும். அந்த 25 டாலரைவிடப் பன்மடங்கு வாங்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை.

சாப்பாட்டில் கவனம் தேவை. 'ஃபா போ' என்றால் மாட்டிறைச்சி சூப்பில் அரிசி நூடுல்ஸ், 'ஃபா கா' என்றால் கோழி. காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் சாறு எலும்பில் கொதித்ததாகவே இருக்கும். வதக்கிய கீரையில்கூட மீன் சாறு சேரும். 'சாய்' என்று பலகையில் எழுதிய கடைகளைத் தேடுங்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே சைவம் என்று பொருள். படகுச் சமையலறையில் சைவம் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும், ஏறிய பிறகு சொன்னால் சோறும் வெள்ளரிக்காயும்தான் கிடைக்கும்.

தங்கள் பயணப் பக்கத்தில் வெளிநாட்டுத் திட்டங்களை அறிமுகம் செய்யும்போது படகுத்துறையின் பெயர், தண்ணீரில் செலவிடும் நேரம், வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா என்ற மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை